எடைமேடையில் நான்கு நிமிடம்

ஓமலூர் சாலையில் இரவுப் பணி எனக்கு.
அறுபது டன் தாங்கும் எடைமேடை,
ரசீது மிஷின், ஓயாமல் முனகும் ஃபேன்.
கண்ணாடிக் கூண்டுக்குள் சிக்னல் கிடைக்காது.
அதனால் செல்போனை எடுத்துக்கொண்டு
லாரி ஏறி நிற்கும் இரும்புத் தளத்தின் நடுவில்
நாங்கள் நாலு பேர்.

பஞ்சர் கடை இருசப்பன்.
ஏற்காட்டிலிருந்து மிளகு மூட்டையோடு இறங்கிய சவரியப்பன்.
தூங்கப்போகிறேன் தூங்கப்போகிறேன் என்று
பன்னிரண்டரையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும் மாதையன்.
பந்து உருளும் அந்த ஊரை யாரும் பார்த்ததில்லை.
அங்கே இப்போது குளிரா, வெயிலா, தெரியாது.
சிவப்புச் சட்டை எங்களுடையது, பதினோரு வருஷமாக.

தலைக்குமேல் எண் பலகையில்
எங்கள் நால்வர் எடை:
280.

இரண்டேகாலுக்குக் கார்னர் கிக்.
ஒரு மொட்டைத்தலை எழும்பியது. வலை குலுங்கியது.
சவரியப்பன் என்னை இடுப்போடு தூக்கிவிட்டான்.
இருசப்பன் குதித்த குதியில் பலகை பைத்தியமானது
120, 410, 60, 350
தாபா நாய் குரைத்தது, ஒரு கிளீனர் திடுக்கிட்டு எழுந்தான்.

நடுவர் காதில் விரலை வைத்தார்.

இதுதான் எனக்கு ஆகாது.
தப்பு என்று சொல்லிவிட்டால்கூட அழுதுவிட்டுப் போகலாம்.
பாதிக் கூச்சல் தொண்டையில்;
விழுங்கவும் வழியில்லை, துப்பவும் வழியில்லை.
"இறக்குடா" என்றேன்.
"இரு, இன்னும் சொல்லலை" என்றான் சவரியப்பன்,
தூக்கியது தூக்கியபடி.

தலையில் பட்டு, தோளில் உரசி,
சட்டைக் கையின் ஓரத்தைத் தொட்டதாம்.
அக்குளுக்கு மேலே தோள், கீழே கை என்று சட்டம்.
இருசப்பன் தன் கையைத் தூக்கி
தோள் எங்கே முடிகிறது என்று
கிரீஸ் விரலால் தடவித் தடவித் தேடினான்.
"எகிறும்போது கையை வீட்லயே வச்சுட்டா வருவான்?"
மாதையனுக்குத் தூக்கம் போய்விட்டது.
போன வாரம் இதே சட்டைக் கை, எதிர் அணிக்காரனுக்கு;
அது தோளாம்.

மறுபடி ஓட்டினார்கள். இன்னும் மெதுவாக. இன்னும் கிட்டத்தில்.
மெதுவாக ஓட்டினால் எதுதான் குற்றமில்லை?
எங்கப்பா எனக்குச் சோறு ஊட்டியதை
அப்படி நிறுத்தி நிறுத்திக் காட்டினால்
கழுத்தை நெரிக்கப் போனதாகத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் மைதானத்தில்
விசில் சவரியப்பனிடம்.
பாதிக்குப் பாதி தப்புதான்.
ஆனால் தப்பு அப்போதே நடக்கும், வசவும் அப்போதே விழும்.
மூடுபனியில் கோல்போஸ்ட் காணாமல்போன ஒரு நாள்
பந்து உள்ளே போனதா என்று
கோல்கீப்பரையே கேட்டான்.
அந்தப் பையன் யோசித்துவிட்டு "போச்சு" என்றான்.
அடுத்த வாரம் அவனே பொய் சொன்னான்.
அதற்கும் ஆட்டம் நிற்கவில்லை.

நான்காவது நிமிடம்
நடுவர் காற்றில் ஒரு பெட்டி வரைந்தார்.
கோல் இல்லை.

சவரியப்பன் என்னை இறக்கினான்,
முட்டைத் தட்டை இறக்குவதுபோல.
மாதையன் கெட்ட வார்த்தைகளைச் சொல்ல ஆரம்பித்து
பாதியில் அலுத்து விட்டுவிட்டான்.

இருட்டில் ஒரு லாரியிலிருந்து சிரிப்பு.
வாழப்பாடிக்காரர்.
பதினோரு மணிக்கு வெள்ளைக்கல் லோடில்
நாற்பது கிலோ கூடக் காட்டுகிறது என்று
என்னோடு மல்லுக்கு நின்றவர்.
"மிஷின் சொன்னா சொன்னதுதாண்ணே" என்று
ரசீதைக் கிழித்துக் கொடுத்திருந்தேன்.
"என்ன தம்பி" என்றார் இப்போது,
"மிஷின் சொன்னா சொன்னதுதானே?"

பதில் சொல்லாமல் தளத்தைவிட்டு இறங்கினேன்.
மற்றவர்களும் இறங்கினார்கள்.
மேலே யாரும் இல்லை.
பலகையில் 10.

பொத்தானைத் தட்டினால் பூஜ்யமாகிவிடும்.
கூண்டுக்குள் உட்கார்ந்து
அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.